வேக வரம்பும் கேமராவின் சாட்சியமும்

சிவப்பு விளக்கை மதிக்காமல் கடந்த வண்டியையும் தலைக்கவசம் அணியாத ஓட்டுநரையும் சாலையோரம் நிற்கும் எவரும் கண்ணால் கண்டு சாட்சி சொல்லிவிடலாம். ஆனால் வேகம் அப்படிப்பட்டதன்று, அதைக் கண்ணால் மதிப்பிடலாமே தவிர அளக்க இயலாது. இந்த வேறுபாட்டைச் சட்டம் இயற்றியவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சான்று இருக்கிறது. வேக வரம்பை மீறுவதற்கான தண்டனையைக் கூறும் 183ஆம் பிரிவு, ஒரே ஒரு சாட்சி தன் கருத்தாகச் சொல்வதை மட்டும் நம்பி எவரையும் குற்றவாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்றும், அந்தக் கருத்து ஒரு கருவியின் துணையால் பெற்ற மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்கிறது. நெடுஞ்சாலைகளில் இன்று கம்பங்களின் மேல் பொருத்தப்பட்டு, எவருடைய உதவியும் இன்றி வண்டியின் வேகத்தை அளந்து, படம் பிடித்து, உரிமையாளரின் கைப்பேசிக்கு அபராத அறிவிப்பு செல்ல வழிசெய்யும் தானியங்கிக் கேமராக்கள் அந்தப் பழைய நிபந்தனையின் இன்றைய வடிவமே. அவற்றை வசூல் இயந்திரங்களாக அல்லாமல் சாட்சிகளாகக் கருதினால்தான், சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவற்றிடமும் கேட்க முடியும்: எப்படிக் கண்டது, அதன் நம்பகத்தன்மைக்கு யார் பொறுப்பு, அது சுட்டிக்காட்டுவது யாரை.

ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் இறந்தனர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இறந்தோர் எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம், 17,884. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கே ஆன தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் மொத்த உயிரிழப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிகழ்ந்தது. இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தொருவருக்கு மேற்பட்டோரின் மரணத்துக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை பதிவுசெய்கிறது. இந்தக் கடைசி எண்ணை மட்டும் சற்றுக் கவனத்துடன் படிக்க வேண்டும். ஏனெனில் அது பெரும்பாலும் கருவியால் அளந்து பெற்றதன்று, விபத்து நடந்த பிறகு இடத்தைப் பார்வையிட்டு வழக்குப் பதியும் காவல் அலுவலர் எழுதிய காரணம். சாலையின் வளைவோ, வெளிச்சமின்மையோ, இடையே நின்றிருந்த லாரியோ பங்கு வகித்திருந்தாலும் படிவத்தில் அதிவேகம் என்று எழுதுவதே எளிது. ஆயினும் வேகத்தின் பங்கை அந்தக் காரணத்தால் குறைத்து மதிப்பிட முடியாது. விபத்தை உண்டாக்கியது எதுவாயினும், அது காயத்தோடு முடிகிறதா மரணத்தோடு முடிகிறதா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மோதும் கணத்தில் வண்டிக்கு இருந்த வேகம்தான்.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரும், 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்னொரு காரும் ஒரே கோட்டில் அருகருகே வருகின்றன என்றும், எதிரே ஒருவர் சாலையைக் கடப்பதை இரு ஓட்டுநர்களும் ஒரே நொடியில் காண்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கண்டதை மூளை உணர்ந்து கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அந்த இடைவெளியிலேயே முதல் கார் 33 மீட்டரும் இரண்டாவது கார் ஏறத்தாழ 42 மீட்டரும் கடந்துவிடும். உலர்ந்த நல்ல சாலையில் பிரேக் முழு வலிமையோடு பிடித்தால் முதல் கார் மேலும் 35 மீட்டர் உருண்டு, ஆக 69 மீட்டருக்குள் நின்றுவிடும். அது நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் அடையும்போது அதன் வேகம் மணிக்கு இன்னும் 70 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தொடக்கத்தில் இருபதாக இருந்த வேறுபாடு, ஒருவர் உயிர் பிழைக்க வேண்டிய இடத்தில் எழுபதாகிவிடுகிறது. ஓடும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடி அளவில் கூடுவதே இதற்குக் காரணம். நூறு கிலோமீட்டர் பயணத்தில் அந்தக் கூடுதல் வேகம் மிச்சப்படுத்தித் தருவது பதினைந்து நிமிடங்கள்.

வேகத்தை அளக்கும் கருவிகளில் மிகப் பரவலானது ரேடார். அது அனுப்பும் நுண்ணலை ஓடிவரும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது, அலையின் அதிர்வெண், அதாவது ஒரு நொடியில் அது அதிரும் தடவைகளின் எண்ணிக்கை, வண்டியின் வேகத்துக்கேற்பச் சற்று மாறுகிறது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கீச்சென்றும் விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதற்குக் காரணமான டாப்ளர் விளைவு என்பதும் இதுவே. போக்குவரத்து ரேடார்கள் பலவும் பயன்படுத்தும் அலை நொடிக்கு 2,400 கோடித் தடவைக்கு மேல் அதிர்வது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நேரே வரும் வண்டி அந்தப் பெரும் எண்ணில் ஏறத்தாழ 4,470 தடவை வேறுபாட்டை மட்டுமே உண்டாக்கும் என்றாலும், அந்த மிகச் சிறிய வேறுபாட்டைக் கருவி தவறாமல் பிரித்தறிகிறது. சாலையோரக் கம்பத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும் ரேடாருக்கு வண்டி நேரே வருவதில்லை என்பதால், திருத்தம் செய்யாவிட்டால் அது உண்மையைவிடக் குறைந்த வேகத்தையே காட்டும். 20 பாகைச் சாய்வில் நூறு என்பது தொண்ணூற்று நான்காகத் தெரியும். எனவே எந்தக் கோணத்தில் கருவி பொருத்தப்பட்டது என்பதும், அந்தக் கோணம் கருவிக்குச் சரியாகச் சொல்லப்பட்டதா என்பதும் தொழில்நுட்ப நுணுக்கமாகத் தோன்றினாலும் சாட்சியத்தின் உயிர்நாடியே அவைதாம். காவலர் கையில் பிடித்துக் குறிபார்க்கும் ஸ்பீட் கன் கருவிகள் பலவற்றில் ரேடாருக்குப் பதில் லேசர் ஒளித்துடிப்புகள் உள்ளன. அவை வண்டிக்கும் கருவிக்கும் உள்ள தொலைவை நொடியின் சிறு பகுதிக்குள் பலமுறை அளந்து, தொலைவு குறையும் விரைவிலிருந்து வேகத்தைக் கணிக்கின்றன.

மூன்றாவது முறை இவற்றினும் எளியது, ஆனால் அதிலிருந்து தப்புவது கடினம். சாலையின் இரு புள்ளிகளில் கேமராக்களை நிறுத்தி, ஒரே எண் பலகை முதல் புள்ளியைக் கடந்த நேரத்தையும் இரண்டாம் புள்ளியைக் கடந்த நேரத்தையும் ஒப்பிட்டுச் சராசரி வேகத்தைக் கணக்கிடுவது அது. வரம்பு 100 என்றால் 20 கிலோமீட்டரைக் கடக்கக் குறைந்தது பன்னிரண்டு நிமிடம் ஆக வேண்டும். பத்தாவது நிமிடத்தில் மறுமுனையை அடைந்த கார் சராசரியாக 120இல் ஓடியது என்பதை மறுக்க வழியில்லை. ஒற்றைக் கேமரா உள்ள இடங்களில் ஓட்டுநர்கள் அதன் முன்னால் மட்டும் சடாரென்று பிரேக் பிடித்து, கடந்ததும் மீண்டும் விரைவது எங்கும் காணப்படும் வழக்கம். பின்னால் வருபவருக்கு அது ஆபத்தும்கூட. சராசரி வேக முறை அந்த வழக்கத்தைப் பயனற்றதாக்கிவிடுகிறது. மும்பை–புணே விரைவுச் சாலையில் 2024இல் செயல்படத் தொடங்கிய நவீனப் போக்குவரத்து மேலாண்மை ஏற்பாட்டில் இந்த முறையும் இடம்பெற்றுள்ளது.

வேகக் கேமராவின் தொடக்கத்தில் ஒரு வியப்பான செய்தி உண்டு. 1953ஆம் ஆண்டு மான்டே கார்லோ கார்ப் பந்தயத்தில் வென்ற நெதர்லாந்து வீரர் மாரிஸ் காட்சோனிடஸ், வளைவுகளில் தம் வேகத்தைத் துல்லியமாக அறிந்து அதை மேலும் கூட்டுவதற்காகவே அளவைக் கருவி ஒன்றை உருவாக்கினார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் கருவிகள் பின்னர் உலகின் பல நாடுகளில் காவல்துறையின் கேமராக்களாயின.

இந்தியாவில் நெடுங்காலம் வேக வரம்பை மீறும் குற்றத்துக்கான தண்டனை பெயரளவிலேயே இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் முதல் முறை வேக வரம்பை மீறியவருக்கு அதிகபட்ச அபராதம் 400 ரூபாய். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் இலகு ரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் என அது உயர்ந்தது. மீண்டும் பிடிபட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றவும் வழி செய்யப்பட்டது. பொதுவெளியில் நிகழ்ந்த விவாதம் முழுவதும் இந்தத் தொகைகளைச் சுற்றியே அமைந்தது வருந்தத்தக்கது. ஏனெனில் அதே திருத்தம் சேர்த்த 136ஏ என்னும் புதிய பிரிவு, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலும் நகர்ப்புறச் சாலைகளிலும் மின்னணுக் கண்காணிப்பை உறுதிசெய்யும் கடமையை மாநில அரசுகள் மீது சுமத்தியது; நெடுங்கால நோக்கில் அதுவே பெரிய மாற்றம். ஆயிரத்தில் ஒரு முறை பிடிபடும் குற்றத்துக்கு எவ்வளவு பெரிய அபராதம் விதித்தாலும் மீதி 999 முறை தப்பியவரின் பழக்கம் மாறாது. பத்தில் ஒன்பது முறை பிடிபடுவோம் என்று தெரிந்தால் சிறு தொகையே போதும்.

136ஏ பிரிவின் நடைமுறைக்கு உரிய விதிகளை, 167ஏ என்னும் எண்ணில், ஒன்றிய அரசு 2021 ஆகஸ்ட்டில் அறிவித்தது. சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த விதி வரிக்கு வரி வகுத்திருக்கிறது. ஆபத்து மிகுந்த, நெரிசல் மிகுந்த நெடுஞ்சாலைப் பகுதிகளிலும், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள், விதியின் அட்டவணையில் குறிப்பிட்ட 132 நகரங்கள் ஆகியவற்றின் முக்கியச் சந்திப்புகளிலும் கருவிகள் அமைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கண்காணிப்பு உள்ள பகுதிக்கு முன்னரே எச்சரிக்கைப் பலகை வைத்துப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். குற்றம் நடந்த பதினைந்து நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். இ-சலான் எனப்படும் மின்னணு அபராத அறிவிப்போடு, மீறலையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி அளந்த அளவு, நாள், நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு, மின்னணுச் சான்றுக்கு உரிய சாட்சியச் சட்டச் சான்றிதழ் ஆகியவை இணைக்கப்பட வேண்டும்.

இந்த நிபந்தனைகளைச் சாதாரண வாகன உரிமையாளர் அறிந்திருப்பது நல்லது. கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தியைக் கண்டதும் பதற்றத்தில் பணம் கட்டிவிடுவதோ, கட்டாமல் மாதக்கணக்கில் கிடப்பில் போடுவதோதான் பலரின் பழக்கம். அரசின் இ-சலான் தளத்தில் அந்த அறிவிப்பைத் திறந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் எளிய செயலே பல ஐயங்களைத் தீர்த்துவிடும். படத்தில் இருப்பது தம் வண்டிதானா, எண்ணில் 8 என்பது 3 என்றோ B என்னும் எழுத்து 8 என்றோ கருவியால் பிழையாகப் படிக்கப்பட்டிருக்கிறதா, தம் வெள்ளைக் காருக்கு வந்த அறிவிப்பில் வேறொருவரின் சரக்கு வேன் நிற்கிறதா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். எண் பலகையை மென்பொருள் படிக்கும்போது அழுக்கு, அலங்கார எழுத்து, உடைந்த பலகை ஆகியவை பிழைக்கு இடம் தருகின்றன. வேறொரு வண்டியின் எண்ணைத் திருட்டுத்தனமாக மாட்டிக்கொண்டு ஓடுவோரும் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர்பாதுகாப்புப் பலகைகளில் எழுத்தின் வடிவும் அளவும் ஒரே சீராக இருப்பதால் இந்தச் சிக்கல் குறைகிறது. பிழை இருந்தால் எதிர்த்து முறையிடவும், நீதிமன்றத்தில் மறுக்கவும் உரிமை உண்டு. விற்றுவிட்ட வண்டிக்குப் பெயர் மாற்றாமல் விட்டவர்கள்தாம் இந்த இடத்தில் வீணாகத் துன்பப்படுவோர். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் பதினான்கு நாட்களுக்குள் விற்பனையைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது அவருடைய பாதுகாப்புக்கும்தான்.

விதி எழுதப்பட்டதால் மட்டும் கருவிகள் சாலைக்கு வந்துவிடவில்லை. அவற்றை வரவழைக்க நீதிமன்றம் தொடர்ந்து வலியுறுத்த வேண்டியிருந்தது. அந்த முயற்சியின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. சாலை விபத்துகளில் எலும்பு முறிந்து வருவோருக்கு ஆண்டுக்கணக்கில் சிகிச்சை அளித்துவந்த கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அவர் பெயராலேயே அறியப்படும் அந்த வழக்கில் சாலைப் பாதுகாப்பு குறித்து நீதிமன்றம் பல உத்தரவுகளைப் பிறப்பித்து வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில், 136ஏ பிரிவையும் 167ஏ விதியையும் நடைமுறைப்படுத்துவது பற்றி மாநிலங்களிடம் விளக்கம் கோரியபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவற்றுள் தமிழ்நாடும் இருந்தது. அறுவை மேசையில் ஒவ்வொருவராகச் சரிசெய்வதைவிடச் சாலையில் காயத்தையே தடுப்பது மேல் என்று மருத்துவத்துறையைச் சேர்ந்த ஒருவர் எண்ணி நீதிமன்றப் படியேறியது, இந்தப் பொருளை அபராதக் கணக்காக மட்டும் பார்ப்போர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

கேமராக்கள் உயிரைக் காக்கின்றனவா என்னும் கேள்விக்குப் பிரான்ஸ் நாட்டின் அனுபவம் நல்ல விடை. அங்கே 2002இல் சாலைகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டு ஜூலையில் குடியரசுத் தலைவர் சாலைப் பாதுகாப்பைத் தம் ஆட்சியின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக அறிவித்தார்; 2003 அக்டோபர் இறுதியில் தானியங்கி ரேடார்கள் செயல்படத் தொடங்கின; 2010இல் இறந்தோர் எண்ணிக்கை 4,000க்கும் கீழே இறங்கியிருந்தது. இந்தச் சரிவு முழுவதையும் ரேடாருக்கே வரவு வைப்பது நேர்மையாகாது, ஏனெனில் முதல் கருவி நிறுவப்படுவதற்கு முன்பே, கண்டிப்பு வரப்போகிறது என்ற அறிவிப்பும் கடுமையான தண்டனைகளும் வந்த காலத்திலேயே, அது தொடங்கிவிட்டது. ஆனால் தொடங்கிய சரிவைத் தக்கவைத்ததில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே நாட்டில், 2018இன் இறுதியில் எரிபொருள் வரியை எதிர்த்து எழுந்த மஞ்சள் அங்கிப் போராட்டத்தின்போது, நிலையான ரேடார்களில் பாதிக்கு மேல் சேதப்படுத்தப்பட்டன. இருவழிச் சாலைகளில் வரம்பை 90இலிருந்து 80ஆக அந்த ஆண்டுதான் குறைத்திருந்தார்கள். அந்த மாற்றமும் எரிபொருள் வரியும் ஒரே பையில் கையை விடும் முயற்சிகளாக மக்களுக்குத் தோன்றிவிட்டன. கேமராவின் மீது நம்பிக்கை போனால் கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. பிரிட்டனில் அபராதத் தொகையின் ஒரு பகுதியைக் கேமரா அமைக்கும் உள்ளூர் அமைப்புகளே செலவுக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு 2000ஆம் ஆண்டில் சோதனையாகத் தொடங்கி, அது பணம் பறிக்கும் வழி என்ற கசப்புக்கு இடம் தந்து, 2007இல் கைவிடப்பட்டது. ஸ்வீடனில் வேகக் கேமராக்களுக்கு இட்ட பெயரே போக்குவரத்துப் பாதுகாப்புக் கேமரா. அவை இருப்பதை முன்னரே பலகை அறிவிக்கிறது.

அருகிலேயே உள்ள எடுத்துக்காட்டு பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலை. 2023 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட, 119 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் முதல் சில மாதங்களில் உயிரிழப்புகள் தொடர்ந்தன. மே, ஜூன் மாதங்களில் தலா இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு காவல்துறை வேகக் கருவிகளோடு சாலையில் இறங்கி 100 கிலோமீட்டர் வரம்பைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது, ஜூலையில் இறந்தோர் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்குக் குறைந்தது. ஆகஸ்ட் முதல் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்கள் விரைவுப் பாதையில் தடைசெய்யப்பட்டன. தானியங்கிக் கேமராக்களும் பின்னர் வந்தன.

ஆனால் வரம்பு சரியாக இருந்தால்தான் அதை மீறியதற்கான சாட்சியத்துக்கு மதிப்பு. விரைவுச் சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர் வரை அனுமதித்த 2018 ஏப்ரல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது; விபத்தில் தொண்ணூறு விழுக்காடு ஊனமுற்ற பெண் பல் மருத்துவர் ஒருவரின் இழப்பீட்டு வழக்கில், அதிவேகமே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணமாக இருப்பதை நீதிபதிகள் கவலையோடு குறிப்பிட்டனர். இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு. நான்குவழிச் சாலையில் எந்த ஊரும் எந்தக் குறுக்குச் சாலையும் இல்லாத இடத்தில் திடீரென்று 40 என்று எழுதிய பலகை, அதுவும் புளியமரக் கிளைக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்குமானால், அங்கே பிடிபட்டவர் தம்மைக் குற்றவாளியாக உணர மாட்டார், பொறியில் சிக்கியவராகவே உணர்வார்.

இனி எஞ்சும் கேள்வி, இந்தச் சாட்சி யாரைச் சுட்டிக்காட்டுகிறது என்பது. கேமரா காண்பது எண் பலகையை. குற்றம் செய்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர். ஸ்வீடனில் ஓட்டுநரின் முகமும் படத்தில் அடையாளம் தெரிய வேண்டும், இல்லையேல் தண்டனை இல்லை. பிரான்ஸில் அபராதத்துக்கு உரிமையாளர் பொறுப்பு, ஆனால் உரிமத்தின் புள்ளிகளை இழப்பவர் ஓட்டியவர் மட்டுமே. 2017 முதல் நிறுவனங்களின் வாகனங்களை ஓட்டியவர் யார் என்பதைச் சொல்ல அந்நிறுவனங்கள் கடமைப்பட்டவை. இந்தியச் சட்டத்தில் அறிவிப்பு உரிமையாளரின் பெயருக்குப் போகிறது, கேட்கும்போது ஓட்டுநரின் பெயரைச் சொல்வது அவர் கடமை. சொந்தக் காரைத் தாமே ஓட்டும் குடும்பத்தில் இது சிக்கல் இல்லை. இரவு முழுதும் ஓடும் ஆம்னி பஸ்ஸிலும், காலைச் சந்தைக்குள் காய்கறி கொண்டுசேர்க்க வேண்டிய லாரியிலும், குறித்த நேரத்துக்குள் பொருளைக் கொடுக்க வேண்டிய வேனிலும் நிலைமை வேறு. அங்கே நேரம் குறிப்பவர் ஒருவர், அபராதத்தைச் சம்பளத்தில் இழப்பவர் வேறொருவர்.

இதை 1988ஆம் ஆண்டுச் சட்டமே எதிர்பார்த்திருக்கிறது. தம்மிடம் பணிபுரிபவரை வரம்பை மீறி ஓட்டச் செய்பவரும் 183ஆம் பிரிவின்கீழ்க் குற்றவாளி. அதே பிரிவின் கடைசிப் பகுதி இன்னும் ஒரு படி மேலே போகிறது: வேக வரம்பை மீறாமல் கடக்க முடியாத அளவுக்குக் குறுகிய நேரத்தை ஒரு பயணத்துக்குக் குறித்து அட்டவணை வெளியிட்டாலோ கட்டளையிட்டாலோ, அது இயலாதது என்று நீதிமன்றம் கருதும் நிலையில், அந்த அட்டவணையே அதை வெளியிட்டவருக்கு எதிரான முதல்நிலைச் சான்றாகும். காகித அட்டவணையை வைத்து இதை மெய்ப்பிப்பது எளிதாக இருந்திருக்காது. இரு புள்ளிகளுக்கிடையே சராசரி வேகத்தைப் பதியும் கேமராக்கள் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. ஒரே பஸ், ஒரே தடத்தில், வெவ்வேறு ஓட்டுநர்களின் கையில், ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய ஒரே அளவில் வரம்பை மீறியிருக்கிறது என்ற பதிவு காவல்துறையின் சேமிப்பில் இருக்குமானால், அந்தப் பதிவை ஓட்டுநருக்கு எதிராக முப்பது தனித்தனி இ-சலான்களாக அனுப்பவும் செய்யலாம், பயணச்சீட்டில் அச்சிட்ட புறப்பாட்டு நேரத்தையும் சேரும் நேரத்தையும் அதனோடு சேர்த்து வைத்து, அந்த நேரத்தைக் குறித்தவரை நீதிமன்றத்துக்கு அழைக்கவும் செய்யலாம்.